விஷ்ராந்த்வாடியில் ஐம்பத்து மூன்று மார்க்

புனே விஷ்ராந்த்வாடியில் வசுந்தரா ஹவுசிங் சொசைட்டி, பி பில்டிங், இரண்டாம் மாடி மகாதேவன் தம் வாழ்நாளில் எதையும் கட்டியவரல்லர், உடைத்தவர். இதை வைத்து அவரை அடிதடி ஆசாமி என்று நினைத்துவிடக் கூடாது. சிஞ்ச்வட்டில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் அவர் கெமிஸ்ட். புனேயில் யார் மாடி எழுப்பினாலும், குழைத்த காங்க்ரீட்டில் கொஞ்சம் எடுத்து, முக்கால் சாண் இரும்பு அச்சில் வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, அந்தக் கட்டியை டெம்போவில் ஏற்றி அவரிடம் அனுப்ப வேண்டும். க்யூப் என்று அதற்குப் பெயர். மகாதேவன் அதை எந்திரத்தின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து நெரிப்பார். ஊசி நகரும். டப்பென்று ஒரு சத்தம் கேட்கும். ஊசி எந்த இடத்தில் நின்றதோ அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். கோத்ருட்டின் நாலு மாடிகளும் அவுந்தின் ஏழு மாடிகளும் அந்தக் கையெழுத்தின் மேல்தான் நிற்கின்றன.

பிறந்தது கும்பகோணம் பக்கம், படித்தது திருச்சி, வேலைக்கு ரயிலேறியது எழுபதுகளின் கடைசியில். இவ்வளவோடு தம் பூர்வீகத்தை அவரே முடித்துக்கொள்வார். மனைவி சரசா, ஒரே பெண் வைஷு. தினமும் காலை கட்கி ஸ்டேஷனில் லோக்கல் ஏறி சிஞ்ச்வட்டில் இறங்குவது, மாலையில் அதையே திருப்பிச் செய்வது. அவர் போய்வந்த இருபது வருஷத்தில், ஜன்னலுக்கு வெளியே இருந்த சோளக்கொல்லையெல்லாம் ஃபிளாட்டாகிவிட்டது. அதில் தமக்கும் பங்குண்டு என்று மகாதேவன் ஒரு காலத்தில் பெருமைப்பட்டதும் உண்டு.

க்யூப் உடைப்பதைத் தவிர அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சுரங்கக்காரர்கள் சுண்ணாம்புக்கல்லைச் சாக்கில் கட்டி அனுப்புவார்கள். சிமெண்டுக்கு ஆகுமா ஆகாதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கல்லைப் பொடித்து, நிறுத்து, பீங்கான் கிண்ணத்தில் போட்டு, மின்சார உலைக்குள் தள்ளி, செக்கச்செவேலென்று பழுத்ததும் எடுத்து, ஆறவைத்து மறுபடியும் நிறுக்க வேண்டும். சுத்தமான கல்லில் நூறு பங்கு உள்ளே போனால் ஐம்பத்தாறு பங்குதான் வெளியே வரும். மீதி நாற்பத்து நாலுக்கு ‘எரிப்பு இழப்பு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு பொருளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டால் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை என்பது படித்தவர்களுக்குள் ஓர் உடன்படிக்கை. மகாதேவனும் படித்தவர்தான். இருபது வருஷம் இழப்பு, இழப்பு என்று எழுதிக்கொண்டே வந்தார்.

தொண்ணூற்றேழு டிசம்பரில் ஒருநாள் லோக்கலில் பக்கத்து சீட்டுக்காரரின் பேப்பரை எட்டிப் பார்த்தபோதுதான் வினை வந்தது. உலகத்து நாடுகள் எல்லாம் ஜப்பானில் கூடி, பூமி சூடாகிவிட்டதே, கரியமில வாயுவைக் குறைக்க வேண்டுமே என்று கவலைப்பட்டிருந்தன. கார்கள் குற்றவாளி, நிலக்கரி குற்றவாளி. மாடுகூடக் குற்றவாளியாம், ஏப்பம் விடுகிறதாம். சிமெண்டைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. அதே பக்கத்தில் கால்வாசி இடத்தில், தலைமுறைக்கும் நிற்கும் சிமெண்டுக்கு விளம்பரம் மட்டும் இருந்தது.

அன்று மத்தியானம் உலையைத் திறந்தவர் கிண்ணத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார். உலையில் கரி இல்லை. எண்ணெய் இல்லை. புகைபோக்கிகூட இல்லை. ஆனாலும் நூற்றில் நாற்பத்து நாலைக் காணோம். போனது எது என்று அவருக்குத் தெரியாதா? சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமில வாயு வரும் என்று ஒன்பதாம் வகுப்பில் எழுதி மார்க் வாங்கியவர்தான். ஆனால் பரீட்சையில் எழுதிய பதில் வாழ்க்கையிலும் நடந்துகொண்டிருக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? கடலில் கோடானுகோடி வருஷமாகச் சிப்பியும் பூச்சியும் சேர்த்துக் கல்லுக்குள் பூட்டி வைத்த வாயுவை, சிமெண்ட் ஆலைக்காரன் ஒரு மத்தியானத்தில் பூட்டை உடைத்து வெளியே விடுகிறான். ஆலையின் உலையைச் சூடாக்க எரிக்கிற கரியின் புகை வேறு. கரியை நிறுத்திச் சூரியனையே பிடித்து உள்ளே கட்டினாலும் கல் தன் பங்கை விட்டே தீரும். இரண்டையும் கூட்டிப் பார்த்தார். ஒரு டன் சிமெண்ட் என்றால் ஏறத்தாழ ஒரு டன் வாயு. அதில் பாதிக்கு மேல் கல்லுக்குள்ளிருந்தே வருவது.

“இழப்பாம்! யாருக்குடி இழப்பு?” என்று அன்று சாயங்காலம் சரசாவிடம் கேட்டார். “கம்பெனிக்கா? அவன் சிமெண்டை மூட்டை கட்டி வித்துட்டான். கல்லுக்கா? அது பேசாது. பின்ன யாருக்கு?”

சரசா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “இது உங்களுக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதாக்கும்?”

“தெரியும். ஆனா தோணலை.”

“இருபது வருஷமா சம்பளம் வாங்கிண்டு, தோணலையாம்” என்றாள் சரசா. அவரைத் திட்டுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி அதற்கப்புறமும் யாருக்கும் அகப்படவில்லை.

அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு மகாதேவன் சும்மா இருக்கவில்லை. வாக்கட்டில் ஒரு கிருகப்பிரவேசத்தில், அட்சதை போட்ட கையோடு, இந்த வீட்டுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் ஆயிற்று என்று விசாரித்து, அதற்கு இத்தனை டன் வாயு என்று வாழ்த்துரை போலச் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு கிருகப்பிரவேசங்களுக்குப் பிறகு பத்திரிகை சரசா பெயருக்கு மட்டும் வர ஆரம்பித்தது. வைஷுவும் அவள் கணவனும் கராடியில் பதினோராம் மாடியில் ஃபிளாட் வாங்கியபோது, பால் பொங்கும்வரை பொறுமையாக இருந்தார். பொங்கியதும் வாயைத் திறந்தார்.

“அப்பா, ப்ளீஸ்பா, டுடே ஒரு நாள் கெமிஸ்ட்ரி வேண்டாம்” என்றாள் வைஷு.

பெண் சொன்னால் கேட்பவர் ஆதலால் பாயசத்தோடு கோபத்தையும் சேர்த்து விழுங்கினார். அவர் ஒன்றும் மனிதர்கள் மரத்தில் குடியிருக்க வேண்டும் என்று சொல்பவரல்லர். தாமே சிமெண்ட் கூரையின் கீழ், சிமெண்ட் தரையின் மேல், சிமெண்டை உடைத்துச் சம்பாதித்த சோற்றைத் தின்பவர் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வேண்டிய இடத்தில் போடு. வேண்டாத இடத்தில் கொட்டாதே. இத்தனை வருஷம் வானத்தில் ஏறிய வாயுவுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவர், ரிட்டையர் ஆவதற்குள் ஒரே ஒரு இடத்திலாவது ஏறவிடாமல் தடுத்தோம் என்று இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அந்த ஆசைக்கு இடமாக அமைந்தது அவர் வாசலே.

வசுந்தரா சொசைட்டியின் வளாகம் மண்தரை. முப்பத்தாறு வீட்டு ஸ்கூட்டர்களும் கார்களும் அதில்தான் நின்றன. மழைக்காலத்தில் கொஞ்சம் சேறாகும். மழை விட்டால் தண்ணீர் கீழே இறங்கி போர்வெல்லுக்குப் போய்விடும். இப்படியே எல்லோரும் சுகமாக இருந்திருப்பார்கள், எதிர் சொசைட்டிக்காரர்கள் காங்க்ரீட் போடாமல் இருந்திருந்தால். இரண்டாயிரத்து மூன்று ஜனவரியில் அவர்கள் போட்டார்கள். அன்றிலிருந்து வசுந்தராவின் செயலாளர் சேஷுவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சேஷு பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் பளிச்சென்று மூன்று கோடு விபூதி. இரண்டு பிள்ளைகள் அமெரிக்காவில். அவர்கள் எந்த வகுப்பில் எந்தப் பாடத்தில் எத்தனை மார்க் வாங்கினார்கள் என்பது சொசைட்டி வாட்ச்மேனுக்குக்கூட மனப்பாடம். உலகத்தில் எந்தப் பொருளானாலும் அதற்கு ஒரு மார்க் உண்டு, அதிக மார்க் வாங்கியதே நல்லது என்பது அவருடைய தத்துவம். சிமெண்ட் கடைக்குப் போனவருக்கு அங்கே மூட்டைமேல் நாற்பத்து மூன்று கிரேடு, ஐம்பத்து மூன்று கிரேடு என்று அச்சடித்திருந்ததைக் கண்டதும் தத்துவம் ருசுவாகிவிட்டது.

“பத்து மார்க் ஜாஸ்தி ஓய்” என்று படிக்கட்டில் மகாதேவனைப் பிடித்துக்கொண்டார். “அறுபத்து மூணு இருக்கான்னு கேட்டேன். இல்லையாம். இவாளுக்கெல்லாம் முன்னேறணும்னு ஆசையே கிடையாது.”

“சேஷு, அது மார்க் இல்லைங்காணும், எவ்வளவு பாரம் தாங்கும்ங்கற கணக்கு. பாலம் கட்ட ஒண்ணு, பத்து மாடி எழுப்ப ஒண்ணு. உம்ம மாருதி நிக்கறதுக்கு எதுக்கு ஐம்பத்து மூணு?”

“எதிர்த்தாத்து சொசைட்டில நாற்பத்து மூணுதான் போட்டிருக்கான்” என்றார் சேஷு. இதற்குமேல் காரணம் வேண்டுவோர் சொசைட்டி வாழ்க்கைக்கே லாயக்கில்லாதவர்கள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே மண்தரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பொதுக்குழு கூடியது. தலைவர் ஜோக்ளேகர், தபால் துறையில் ஓய்வு பெற்ற மராத்தியர். யார் பேசினாலும் ‘ஹோ, ஹோ’ என்று தலையாட்டுவார். இரண்டு பேர் எதிரெதிராகப் பேசினால் இரண்டு பேருக்கும் ஆட்டுவார். மகாதேவன் எழுந்து ஹிந்தியில் விளக்கினார். வளாகம் முழுக்க ஐம்பத்து மூன்று கிரேடு போட்டால் ஐம்பது டன் சிமெண்ட் பிடிக்கும். வாயுவும் கிட்டத்தட்ட அவ்வளவு. கார்ச் சக்கரம் ஓடுகிற பாதைக்கு மட்டும் போடுவோம். மீதி மண்ணாகவே இருக்கட்டும். போடுகிற இடத்திலும் சாம்பல் கலந்த சிமெண்டைப் போடுவோம். அனல் மின் நிலையத்தில் மலைபோலக் குவிகிற சாம்பலில் நைஸானதை எடுத்து, சிமெண்டில் கால் பங்குக்கு அதைச் சேர்க்கிறார்கள். அந்தக் கால் பங்குக்குக் கல்லைச் சுட வேண்டாம். மொத்தத்தில் வாயு பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

சாம்பல் என்ற வார்த்தை விழுந்ததுதான் தாமதம், நாற்காலிகள் அசைந்தன. கால் பங்கு கலப்படமா என்று ஒருவர் கேட்டார். எதிர் சொசைட்டிக்காரன் சிரிக்கமாட்டானா என்று இன்னொருவர் கேட்டார். சேஷு எழுந்து, தமிழ்க்காரர்கள் பக்கம் திரும்பித் தமிழிலேயே கேட்டார்.

“பவர் ஹவுஸ் குப்பையை நம்ம வாசல்ல கொட்டணுங்கறார். நாலு நல்லது நடக்கற இடம். போயும் போயும் சாம்பலா?”

“உம்ம நெத்தியில இருக்கறது என்ன ஓய்?” என்றார் மகாதேவன்.

ஜோக்ளேகர்கூடத் தலையாட்டுவதை நிறுத்திவிட்டார். சேஷு மெதுவாக நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “இது பசுஞ்சாணம்” என்றார். “அது நிலக்கரி. இது தெரியாம நீர் என்ன கெமிஸ்ட்?”

கை தட்டினார்கள். பூமி சூடாவது ஒரு பக்கம் இருக்கட்டும். கூட்டத்தில் எவன் கடைசியாகப் பேசினான் என்பதுதானே முக்கியம்.

ஜோக்ளேகர் சமரசத்துக்கு ஒரு வழி சொன்னார். இரண்டு சிமெண்டிலும் க்யூப் போடட்டும். மகாதேவன் தம் கூடத்திலேயே உடைத்துப் பார்க்கட்டும். சாம்பல் சிமெண்ட் தோற்காமல் இருந்தால் அவர் சொன்ன திட்டம். தோற்றால் செயலாளர் திட்டம். ஆனால் மராத்தி வருஷப்பிறப்பான குடீ பாட்வாவைப் புதுத் தரையில் கொண்டாட வேண்டும் என்று காண்ட்ராக்டரிடம் தேதி வாங்கியாயிற்று. ஆகையால் ஏழாம் நாள் முடிவே முடிவு.

மகாதேவன் பதறிப்போய், இருபத்தெட்டாம் நாள்தான் முறையான சோதனை என்றார். அந்த ஐம்பத்து மூன்று என்ற எண்ணே இருபத்தெட்டாம் நாள் கணக்குத்தான் என்றார். சாம்பல் சிமெண்ட் நிதானமாக இறுகும். ஏழு நாளில் தவழும், இருபத்தெட்டில் நடக்கும், மூன்று மாதத்தில் மற்றதை முந்தி ஓடும் என்று குழந்தை வைத்து உவமை சொன்னார். கூடியிருந்தவர்கள் காதில் தவழும் என்பது மட்டும் விழுந்தது. எல்.கே.ஜி.யில் முதல் ரேங்க் வாங்காத குழந்தையை அவர்கள் வீட்டில் யாரும் வளர்த்ததில்லை. காலாண்டுப் பரீட்சையில் கோட்டைவிட்ட பையன் முழுப்பரீட்சையில் தேறுவான் என்று சொன்னால் சேஷு நம்புவாரா?

அந்த இடத்திலேயே, ஒப்புக்கொள்ளமாட்டேன் என்று மகாதேவன் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் தம் எந்திரத்தின் பெயர் அடிபட்டதும் அவருக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. அதிகம் தோற்காது, ஒன்றிரண்டு புள்ளிதான் குறையும், அதைச் சொல்லிப் புரியவைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். சரி என்றார்.

ஏழாம் நாள் காலை டிபன் டப்பாவைக் கையில் கொடுத்தபடி சரசா கேட்டாள். “ஏன்னா, உங்க மிஷின்தானே. ஊசி கொஞ்சம் முன்னாடி போறாப்பல பண்ண முடியாதா?”

“முடியும். வால்வைத் திருப்பி உள்ள இருக்கற எண்ணெயை வேகமாத் தள்ளினா ஊசி ஏறும். பில்டர் ஆளுங்க எத்தனை வழி பண்ணுவான்னு பார்த்துப் பார்த்து எனக்கே எல்லாம் பாடம்.”

“பின்ன என்ன? ஊரைக் கொள்ளையடிக்கவா பண்றேள்? நல்லதுக்குத்தானே?”

“அவா பண்ணினா நான் பிடிச்சுக் குடுப்பேன். நான் பண்ணினா யார் பிடிக்கறது?”

“நீங்க யோக்கியமா இருந்து ஐம்பது டன் மேல போகும். அதையும் யோசிச்சுக்கோங்கோ” என்றாள் சரசா. அவர் கட்கி போய்ச் சேரும்வரை அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

எந்திரத்தின் முன் தனியாகத்தான் நின்றார். வால்வைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் போதும். உலகம் பூராவும் எத்தனையோ கணக்குகள் எத்தனையோ பெரிய மனிதர்களால் எத்தனையோ மட்டமான காரணங்களுக்காகத் திருத்தப்படுகிற அந்த நேரத்தில், சிஞ்ச்வட்டில் ஒரு மனிதர் நல்ல காரணத்தை வைத்துக்கொண்டு திருத்தாமல் நின்றார். விதிப்படி நிதானமாக, வழக்கத்தைவிட நிதானமாகவே வால்வைத் திருப்பினார். சாம்பல் க்யூப் முதலில் உடைந்தது. ஐம்பத்து மூன்று அதற்கப்புறமும் வெகுநேரம் தாங்கியது. ஒன்றிரண்டு புள்ளி இல்லை, நன்றாகவே இடைவெளி. மகாதேவன் கையெழுத்துப் போட்டார். நாட்டில் அயோக்கியர்களால் வந்த கேட்டைப் பற்றி மேடைதோறும் பேசுகிறார்கள்; யோக்கியர்களால் வந்ததைக் கணக்கெடுக்க ஆளில்லை.

சேஷு வீடுவீடாகப் பேடா கொடுத்தார், பிள்ளை பாஸான மாதிரி.

மார்ச்சில் காங்க்ரீட் கொட்டினார்கள். சேஷு குடையும் தொப்பியுமாக நின்று, இறங்குகிற மூட்டை ஒவ்வொன்றிலும் ஐம்பத்து மூன்று போட்டிருக்கிறதா என்று பரீட்சை ஹால் மேற்பார்வையாளர் மாதிரி பார்த்தார். பாதை, பாதையல்லாதது, பூச்செடி இருந்த ஓரம், துணி துவைக்கிற மூலை, ஒன்றையும் விடவில்லை. இரண்டே நாளில் வசுந்தராவுக்குள் வசுந்தரை, அதாவது பூமாதேவி, கண்ணில் படாமல் போனாள்.

ஐம்பத்து மூன்று போல அவசரமாக இறுகுகிற காங்க்ரீட்டுக்குத் தாகம் அதிகம். பல நாள் ஈரம் காயாமல் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். பாட்வா சமயத்தில் புனேயில் குடிக்கவே டாங்கர் லாரித் தண்ணீர்தான். மூன்றாம் நாளே சேஷு தண்ணீரை நிறுத்திவிட்டார். ஐந்து ஆறு வாரத்தில் தரை முழுவதும் கோடு கோடாகப் பிளந்தது, மகாராஷ்டிராவின் நதிகள் வரைபடம் மாதிரி. அவை உஷ்ணத்துக்காக வேண்டுமென்றே விட்ட இடைவெளிகள் என்று சேஷு விளக்கம் தந்தார். யாரும் விட்டதாக நினைவில்லை.

இதற்குள் மகாதேவனின் மீதி க்யூப்களுக்கு வயது இருபத்தெட்டு நாள் ஆகி, சாம்பல் க்யூப்பும் ஐம்பத்து மூன்றும் தோளுக்குத் தோள் நின்றன. மூன்றாம் மாதம் சாம்பல் ஒரு படி மேலே போய்விட்டது. அதை எழுதி அறிவிப்புப் பலகையில் குத்தினார். மறுநாள் அதன்மேல் கணபதி உற்சவ வசூல் நோட்டீஸ் இருந்தது. அடுத்த வருஷம் மகாதேவன் ரிட்டையரானார். அதே வருஷம் விரிசல்கள் அசிங்கமாக இருக்கின்றன என்று அவற்றின் மேலேயே இன்னொரு அடுக்கு காங்க்ரீட் கொட்டினார்கள். கிரேடைச் சொல்ல வேண்டியதில்லை. பொதுக்குழுவில் எதிர்த்து எழுந்தவர் ஒருவர். ஒருவரை எண்ணிக்கையில் சேர்க்கத் தேவையில்லை என்று ஜோக்ளேகர் ‘ஏகமனதாக’ என்றே பதிந்துகொண்டார்.

மகாதேவன் அடுத்த இரண்டு வருஷமும் வாசலில் காலை வைக்கும்போதெல்லாம் கால் சுடுவதாகச் சொன்னார். வெயில் நாளில் எல்லோருக்குமே சுட்டது. மற்றவர்கள் ஏ.சி. வாங்கினார்கள்.

பிறகு நடந்ததை வேறு ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். இரண்டாயிரத்து ஆறு ஜூன் ஐந்தாம் தேதி, சுற்றுச்சூழல் தினத்தன்று, ஒரு சிமெண்ட் கம்பெனி வசுந்தரா சொசைட்டிக்குப் ‘பசுமை வளாகம்’ என்று விருது கொடுத்தது. காரணம், வளாகத்தில் தூசி இல்லை, சேறு இல்லை, ஒரு பிடி மண்கூட இல்லை. விருதைப் பதிக்க ஒரு சிமெண்ட் தூண் கட்டிப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கம்பெனி அதிகாரி டை கட்டிக்கொண்டு வந்து, காங்க்ரீட் காலப்போக்கில் கரியமில வாயுவைத் தானே திரும்பக் குடித்துவிடுகிறது என்று ஒரு விஞ்ஞான உண்மையையும் சொன்னார்.

“குடிக்கும்” என்றார் மகாதேவன் பின்வரிசையிலிருந்து. “ஒரு தொட்டித் தண்ணியைக் கொட்டிட்டு, ஒரு டம்ளர் திரும்ப நக்கும். அதுக்கும் ஐம்பது வருஷம் ஆகும்.” தமிழில் சொன்னதால் அதிகாரி வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார்.

விழா முடிவில் வீட்டுக்கு ஒன்றாக முப்பத்தாறு மரக்கன்றுகள் வழங்கப்பட்டன. கறுப்புப் பிளாஸ்டிக் பையில், கைப்பிடி மண்ணோடு. கார் புறப்பட்டுப் போனது. முப்பத்தாறு குடும்பங்களும் ஆளுக்கொரு செடியோடு காங்க்ரீட்டின் மேல் நின்றன. எங்கே நடுவது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொருவராகச் செடியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினார்கள்.

மகாதேவன் மறுநாள் காலை சம்மட்டியும் கடப்பாரையும் வாங்கிவந்தார். தம் ஸ்கூட்டருக்கு ஒதுக்கிய இடத்துக்குப் போனார். ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்தினார். இரண்டாவது அடுக்கும் முதல் அடுக்கு பிளந்த அதே கோட்டில் பிளந்திருந்தது. எங்கே அடித்தால் எப்படி விடும் என்பதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் புனேயில் இருக்க முடியாது. நெம்பினார், அடித்தார், மூச்சு வாங்கினார். சரசா குடை பிடித்துக்கொண்டு, ‘இப்பவாவது தோணித்தே’ என்று நின்றாள். மூன்று காலை வேளைகள் ஆயின. அடியில் மண் இருந்தது.

சொசைட்டி கொதித்துவிட்டது. வானத்தில் நூறு டன் ஏறியபோது வராத ஆத்திரமெல்லாம், ஒரு ஸ்கூட்டர் அகலத்துக்குத் தரை உடைந்ததும் வந்தது. பொதுச் சொத்துக்குச் சேதம் என்று சேஷு கையெழுத்தோடு நோட்டீஸ். விருது வாங்கிய வளாகத்துக்கு அவமானம் என்று ஜோக்ளேகர். கராடியிலிருந்து வைஷு ஃபோன் பண்ணி, “அப்பா, வொய் ஆர் யூ டூயிங் திஸ்? எல்லாரும் என்ன நினைப்பா?” என்று கேட்டாள்.

“சாம்பிளை உடைச்சுப் பார்த்தேன்னு சொல்லு” என்றார். “அதுதானே என் உத்தியோகம்.”

அவர் தம் கன்றை நட்டார். வேம்பு. இரண்டு நாள் கழித்து ஏ பில்டிங் பாலாம்பாள் மாமி வந்தாள். அவள் பால்கனியில் செடி வெயில் தாங்காமல் தலை தொங்கியிருந்தது. தற்காலிகமாக ஓரமாக வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அப்புறம் கீழ்வீட்டு மராத்தியர். அப்புறம் இன்னும் நாலு பேர். எல்லோருமே தற்காலிகமாகத்தான். நோட்டீஸை ஆதரித்தவர்கள் கைகளில்தான் செடி அதிகம் வாடியிருந்தது. ஸ்கூட்டர் அளவு மண்ணில் கன்றுகள் லோக்கல் ரயில் கூட்டம் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

ஒரு வாரம் கழித்துக் காலையில் சேஷு வந்தார். குளித்து, விபூதி பூசி, கையில் கறுப்புப் பை. செடியில் மூன்று இலை மிச்சமிருந்தது.

“தற்காலிகமாத்தான் ஓய்” என்றார். “கமிட்டில தீர்மானம் போட்டாச்சு. ஆளுக்கொரு தொட்டி கட்டித் தரப்போறோம். வாசல் பூரா வரிசையா. எல்லாச் செடியும் அதுல போயிடும். உம்ம குழியையும் மூடிடலாம்.”

“தொட்டி எதுல?”

“காங்க்ரீட்லதான்.”

“என்ன கிரேடு?”

சேஷு அவரை ஒரு மாதிரி பார்த்தார். “இதென்ன கேள்வி? செடிக்கு நல்லதாப் போட வேண்டாமா?”

மகாதேவன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வளாகத்தைக் குறுக்கே கடந்து, சேஷுவின் மாருதி நிற்கிற இடத்துக்குப் போனார். காருக்கு அடியிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பச்சைத் தூணின் அடிவரைக்கும் போயிருந்தது. கடப்பாரை நுனியை அதில் ஊன்றினார். வாகாக உட்கார்ந்தது.

“காரை நகர்த்தும்” என்றார்.

சேஷு காரைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், கையிலிருந்த மூன்று இலையைப் பார்த்தார். பிறகு செடியைக் காரின் முன்பக்கத்தில் வைத்துவிட்டு, சாவி மாடியில் இருக்கிறது, எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகாதேவன் கடப்பாரையை ஊன்றியபடி அங்கேயே நின்றார். சரசா கீழே இறங்கி வந்து எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்டாள். அந்த வருஷத்தின் முதல் மழை தூற ஆரம்பித்தது. காங்க்ரீட்டில் விழுந்த தண்ணீர் போகுமிடம் தெரியாமல் அங்குமிங்கும் ஓடி, கடைசியில் அவருடைய ஸ்கூட்டர் இடத்து மண்ணைக் கண்டுபிடித்து உள்ளே இறங்கியது. சேஷு இன்னும் வரவில்லை.

“வருவார்” என்றார் மகாதேவன். “செடி இங்கே இருக்கே.”